கடைசிப் பதினான்கு பக்கங்கள்

வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கையில் அவரைப் பற்றி இப்படி ஒரு வரி இருக்கிறது: "ஏழாவது உறுப்பினர், மெதுவாக வாசிப்பவர், போர் நாவல்களில் நாட்டமில்லாதவர்." அறிக்கையை எழுதிய செயலாளர் ஒரு கணக்கு வாத்தியார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்பதால் ஒரே வரியில் இரண்டு பொய் சொல்லிவிட்டார்.

ஏழாவது உறுப்பினரை எல்லோரும் புரூஃப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தியவர். சட்டப் புத்தகம், தொலைபேசிப் பட்டியல், உர மூட்டையில் போடும் எச்சரிக்கை, எது வந்தாலும் மணிக்கு நாற்பது பக்கம். வட்டத்தில் சேர்ந்த பிறகும் எந்தப் புத்தகத்தையும் மூன்றாம் நாளே திருப்பிக் கொடுத்து மற்றவர்களின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தார்.

வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நூலக மாடியில் கூடும் ஏழு பேருக்கும் புத்தகம் ஒன்றே ஒன்றுதான். ஆளுக்கு இரண்டு வாரம் என்று கை மாறும். கடைசியாகப் படிப்பவர்தான் அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவரை வட்டம் நகராது. இந்த முறை கடைசி ஆள் அக்கா. புத்தகம் அவர் கைக்குப் போய் இருபத்திரண்டு வாரம் ஆகியிருந்தது.

அது ஒரு போர் நாவல். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். இருநூற்றுத் தொண்ணூற்றெட்டாம் பக்கத்தில் ஒரு இளம் சிப்பாய் ஆற்றில் இறங்குகிறான். மறுகரையில் அவனை யாரும் பார்க்கவில்லை. காணவில்லை என்று அவன் தாய்க்கு ஒரு தாள் வருகிறது. அக்கா இரண்டே நாளில் அந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டார். அங்கேயே நின்றுவிட்டார்.

அதே மாதிரி ஒரு தாள், தன் ஒரே பையனைப் பற்றி, ஆறு வருஷத்துக்கு முன் அவருக்கும் வந்திருந்தது. நான்கே வரி. தொழில் புத்தியில் எத்தனையோ தடவை படித்துப் பார்த்தார். பிழை எதுவும் இல்லை. பையனைப் பற்றி யாராவது கேட்டால் வெளியூரில் இருக்கிறான் என்பார். அது பொய் என்று யாராலும் சொல்ல முடியாது; சிக்கலே அதுதான். வட்டத்தில் செயலாளருக்கு மட்டும் விஷயம் தெரியும். பையன் அவரிடம் இரண்டு வருஷம் கணக்குப் படித்தவன்.

கடைசிப் பதினான்கு பக்கத்தில் சிப்பாய் செத்துவிடுவான் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. கதை எழுதுகிறவர்கள் வேறு என்ன செய்வார்கள்? படிக்காத வரை அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறான். புத்தகத்தில் இருந்த பையனும் வீட்டில் இல்லாத பையனும் அவருக்குள் எப்போதோ ஒட்டிக்கொண்டுவிட்டார்கள்.

பொறுத்துப் பார்த்த மற்றவர்கள், அக்கா முடிக்காமலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கூட்டம் போட்டார்கள். முடிக்காதவர் எதிரில் முடிவைப் பேசக் கூடாது என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். ஆகவே பெரிய மனிதர்கள் ஆறு பேர், கடைசி அத்தியாயம் என்று ஒன்று இல்லாதது போல் நடித்துக்கொண்டு விவாதித்தார்கள். படை ஒரே நாளில் நடந்த தூரத்துக்குத் தன் வண்டியே ஐந்து மணி நேரம் எடுக்கும் என்றார் பஸ் கண்டக்டர். சிப்பாய் சொத்தைப் பல்லோடு நாற்பது பக்கம் சண்டை போட்டது தன் தொழிலுக்கே அவமானம் என்றார் பல் டாக்டர். அக்காகூடச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று. டாக்டருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"பல்லைக்கூட மன்னிச்சிடலாம்க்கா. எட்டு வருஷம் கழிச்சு வந்து கதவைத் தட்டுறான் பாருங்க, அதைத்தான் தாங்க முடியல."

செயலாளர் இருமினார். டாக்டர் அவர் பக்கம் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

"வர்றானா?" என்று அக்கா கேட்டார்.

எட்டு என்ற எண் காதில் விழுந்ததும் அவர் மனம் ஆறைக் கழித்துவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

"வர்றான். சும்மா நம்மளை அழ வைக்கத்தான். காணாமப் போனவன் எவன்க்கா எட்டு வருஷம் கழிச்சு வந்திருக்கான்? சின்னக் குழந்தைகூட நம்பாது."

வருகிறவனாக இருந்தால் முதல் வருஷமே வந்திருப்பான் என்று கண்டக்டர் ஆமோதித்தார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எந்தப் புத்தகத்திலும் ஒத்துப்போகாத ஆட்கள், இந்த ஒன்றில் அப்படி ஒத்துப்போனார்கள்.

அக்கா செயலாளர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். நம்புற மாதிரி இருக்கா?"

செயலாளர் மேஜையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். நாற்பது பையன்கள் ஒரே நேரத்தில் தப்பான விடை சொன்னபோதும் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவரில்லை அவர்.

"இல்லம்மா," என்றார்.

அக்கா பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அங்கேயே, அத்தனை பேர் எதிரில், விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். தான் என்ன தப்புச் செய்தோம் என்று டாக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர் சொல்லவில்லை. பக்கம் திரும்பும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. கதவு தட்டப்படும் பக்கத்தில் மட்டும் அவர் விரல் வரிக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றது.

முடித்ததும் மூடி வைத்தார். "டாக்டர் சொன்னது சரிதான். ஒட்டவே இல்ல."

அடுத்த புத்தகம் என்ன என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. அக்காவே கேட்டார்: "யாரும் யாருக்காகவும் காத்துக்கிட்டு இருக்காத புத்தகம் ஏதாவது இருக்கா சார்?" அலமாரியை இரண்டு முறை தேடிய செயலாளர், எறும்புகளைப் பற்றிய ஒரு புத்தகத்தோடு வந்தார்.

புரூஃப் அக்கா இருபத்திரண்டு வாரம் பதினான்கு பக்கங்களைப் படிக்காமல் வைத்திருந்தார். அன்று பிற்பகல் இருபது நிமிஷத்தில் அவற்றைப் படித்து முடித்து, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.