கப்பல் இன்னும் கரைக்கு வரல

1. படம் ஓடுது, சத்தம் வரல

டுட்டோரியலில் நான் எடுத்த முதல் வகுப்பு, பி.ஏ. அரியர் மாணவர்களுக்கான ஆங்கிலத் தாள். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் வகுப்பு. ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் நிறுத்தம். நான் வாயைத் திறந்தால் டவுன் பஸ் ஹாரன் அடிக்கும், அது நின்றால் கண்டக்டர் விசில். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசி பெஞ்சில் என்னைவிட வயதில் மூத்த ஒருத்தன் எழுந்தான்.

“சார், படம் ஓடுது, சத்தம் வரல.”

வகுப்பே சிரித்தது. அன்று மாலை டுட்டோரியல் நடத்துகிற அண்ணாச்சி கூப்பிட்டார்.

“நீரு படிச்சதெல்லாம் முத பெஞ்சோட நின்னு போகுதேவே. பின்னால இருக்கவனும் பீஸ் கெட்டித்தான வந்திருக்கான்?”

எனக்கு மெல்லிய குரல். வீட்டில் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை என்பதால், படித்தவன் என்றால் மெதுவாகப் பேச வேண்டும் என்று நானே முடிவுசெய்து பழகிய குரல் அது. அதற்கு இன்னொரு காரணம் அப்பா.

அப்பாவுக்குக் குரலைக் குறைக்கத் தெரியாது. நூற்பு மில்லில், நூல் முறுக்குகிற ரிங் பிரேம் இலாகா. எட்டு மணி நேரம் அந்த இரைச்சலில் நிற்கிறவர் வீட்டுக்கு வந்து “தண்ணி கொடு” என்றால் அடுத்த தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள். காலனியில் அவருக்குப் பட்டப்பெயர் சங்கு. மில் சங்கு மாதிரி என்று அர்த்தம். நான் கல்லூரியில் சேர்ந்த அன்று ஆபீஸில் ஏதோ சந்தேகம் கேட்டார். உள்ளே இருந்தவர், “ஏன்யா சண்டைக்கு வாரீரு?” என்று எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் படித்த இடம் எதற்குள்ளும் அப்பா வந்ததில்லை. கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

2. எந்தக் கேம்ப்?

நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். நான் சிறுவனாக இருந்தபோது தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி, கரையிறங்கியவர்களைப் பெயர் பதிந்து வைக்கிற மண்டபம் கேம்பில் தங்கி, அரசாங்கம் மில் வேலை கொடுத்ததால் திருநெல்வேலிக்கு வந்தோம். காலனி முழுக்க அப்படி வந்த குடும்பங்கள்தான். நான் தெருவில் “ஏலே” சொல்லப் பழகிவிட்டேன். அப்பா மட்டும் தோட்டத்துப் பேச்சையே பேசிக்கொண்டிருந்தார்.

ஆங்கில இலக்கியம் என்றாலே முதலில் வாயில் வருகிற அந்த நாடகாசிரியர் எனக்கும் பாடமாக இருந்தார். அவர் பெயர் அப்பாவின் நாக்கில் நிற்கவில்லை. “நாடக வாத்தியார்” என்று வைத்துக்கொண்டார். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். பரீட்சைக்காக நான் சத்தம்போட்டுப் படிப்பதைப் பார்த்து ஒரு நாள் கதை கேட்டார். கப்பல் உடைந்து தெரியாத கரையில் ஒதுங்கியவர்களின் கதை என்றேன்.

“எந்தக் கேம்ப்ல வச்சாங்க?”

“கேம்ப் எல்லாம் இல்லப்பா. அது ஒரு தீவு.”

“தீவா இருந்தா என்னா? கரையில இறங்கினா பேரு பதியணுமில்ல? யாரு பதிஞ்சா?”

யார் பதிந்தது என்று புத்தகத்தில் இல்லை. விரிவுரையாளரிடம் கேட்கவும் தைரியமில்லை. ஆனால் அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்ததும், “உன் வாத்தியார் என்னா சொல்றாரு?” என்பது அவர் வழக்கமாயிற்று. ஒவ்வொரு காட்சியாகச் சொல்வேன். ஒரு காட்சியையே பல நாள் திருப்பிக் கேட்பார். நான் பதில் சொல்லும்போது, மில் இரைச்சலில் பழகியபடி, என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

டுட்டோரியலில் குரல் எடுபடாமல் தவித்தபோது இதுதான் கைகொடுத்தது. ஒரு நாள் பாடத்தை மூடிவைத்துவிட்டு, அப்பா கேட்ட கேள்விகளை அப்பா மாதிரியே கேட்டேன். என் பதில்களை என் குரலில் சொன்னேன். இடது பக்கம் திரும்பினால் அப்பா, வலது பக்கம் திரும்பினால் நான். கீழே பஸ் ஹாரன் அடித்தது. யாருக்கும் அது காதில் விழவில்லை. கடைசி பெஞ்ச் முன்னால் நகர்ந்து வந்தது.

மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி, “இத இங்கன மட்டும் வச்சுக்கிடாதேரும். உங்க காலனி பொங்கல் விழாவுல போடும்வே” என்றார்.

3. வேறு யாரோ

ஒரு ஆள் நாடகமாகப் போட விழாக் குழு ஒப்புக்கொண்டது. அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

“என்ன வச்சா நாடகம்?”

“உங்கள வச்சும் என்ன வச்சும்.”

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “போடு. நான் கேட்டது, நீ சொன்னது, எல்லாத்தையும் போடு. ஆனா நான் கத்துறத மட்டும் போடாத” என்றார். அதைச் சொன்னதுகூட அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

சரி என்றேன். அதன் பிறகுதான் தூக்கம் போனது. அப்பாவின் கேள்விகளை மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அவை யாரோ ஒரு பென்ஷன்காரர் கேட்பது மாதிரி இருந்தன. நடுத்தரமான குரலில் கேட்டேன், அதுவும் ஒட்டவில்லை. காலனியிலிருந்து பஸ் நிறுத்தம் வரை இரண்டு பேராகப் பேசிக்கொண்டே நடந்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். முழுக் குரலை எடுத்தால் நாடகம் எடுபடும், ஆனால் அப்பா என் முகத்தில் விழிக்க மாட்டார். எடுக்காவிட்டால் அந்த மேடையில் அப்பாவே இருக்க மாட்டார்.

ஒத்திகை பார்க்க வந்த மைக் செட் சுடலை நேராகவே கேட்டார்.

“யாருவே இது?”

“எங்கப்பா.”

“உங்கப்பாவா? பாவம், நல்ல மனுசன். எப்பம் இப்பிடி ஆனாரு?”

இருந்தாலும் கொடுத்த வாக்கை மாற்றவில்லை.

4. ஜெனரேட்டர்

விழா அன்று சாயங்காலம் கோலப்போட்டிப் பரிசு முடிந்து நான் மேடையேறினேன். முன்வரிசையில் அப்பா, சலவை வேட்டியில். நான் முதல் வரியை ஆரம்பிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

சுடலை ஜெனரேட்டரைக் கிளப்பினார். வயர் எட்டாததால் அது மேடைக்கு ஒட்டியே நின்றது.

“ரெண்டையும் இழுக்காது சார். வெளிச்சம் வேணுமா, மைக் வேணுமா?”

நான் பதில் சொல்வதற்குள் கூட்டமே “லைட்டு! லைட்டு!” என்று கத்தியது. பல்புகள் எரிந்தன. ஜெனரேட்டர் தடதடவென்று அதிர, நான் பேசினேன். என் பேச்சு எனக்கே கேட்கவில்லை. “யப்பா, ஊமப்படமாலே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். நாற்காலிகள் இழுபட்டன. இடது பக்கம் திரும்பி, அப்பாவின் கேள்வியை, அந்தப் பென்ஷன்காரர் குரலில் மறுபடி கேட்டேன்.

அப்பா எழுந்தார்.

அவரும் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மேடைக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

“உக்காருங்க எல்லாரும்! கப்பல் இன்னும் கரைக்கு வரல!”

ஜெனரேட்டருக்கு மேலே அந்தக் குரல் போனது. பந்தலின் கடைசிக்கும் போய், அங்கே பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தவரை உட்காரவைத்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“என்னாடா, வாய்க்குள்ளயே பேசுற? என் பேச்சுத்தான அது? என்ன மாதிரி பேசு!”

பேசினேன். அடிவயிற்றிலிருந்து, சங்கு மாதிரியே பேசினேன். “எந்தக் கேம்ப்ல வச்சாங்க?” என்று கேட்டதும் பந்தல் சிரிப்பில் அதிர்ந்தது. கேலிச் சிரிப்பு இல்லை. அங்கே இருந்த முக்கால்வாசிப் பேர் அந்தக் கேம்பில் வரிசையில் நின்றவர்கள். “அப்பிடிக் கேளு!” என்று ஒரு கிழவி கத்தினாள்.

வலது பக்கம் திரும்பி என் பதிலைச் சொன்னேன். அது என் குரல், எடுபடவில்லை.

“மகன் சொல்லுதது கேக்கலியே!” என்றார்கள்.

அப்பா மறுபடி எழுந்தார். “கேம்ப் எல்லாம் இல்லப்பா. அது ஒரு தீவு!” என்று என் பதிலைத் தன் தொண்டையில் சொன்னார். அடுத்ததையும் சொன்னார். எத்தனையோ சாயங்காலம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, ஒன்றையும் விடவில்லை. மேடையில் நான் அப்பாவாகக் கேட்டேன். கீழே அவர் நானாகப் பதில் சொன்னார். ஒரு ஆள் நாடகம் என்று அச்சடித்த நோட்டீஸ் பந்தல் காலில் ஒட்டியிருந்தது.

கடைசிக் கேள்வி வந்தது. நாடக வாத்தியார் தன் கதையில் கரை ஒதுங்கியவர்களை முடிவில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார். நானும் அப்படியே எழுதியிருந்தேன். அப்பாவின் குரலில் கேட்டேன்:

“கடைசியில அவங்க எல்லாம் ஊருக்குத் திரும்பிப் போனாங்களா?”

‘போயிட்டாங்கப்பா’ என்பது பதில். அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி, பந்தலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

“ஒருத்தரும் போகல. எல்லாரும் இங்கனதான் இருக்காங்க.”

கைதட்டு வர நேரமாயிற்று. அதுவரை ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

5. பாடம்

புதிதாக வகுப்பெடுக்க வருகிறவர்கள் என்னிடம் குரலுக்கு என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். பனங்கற்கண்டு, மிளகு என்று நானும் சொல்வதுண்டு. உண்மையில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். படித்தவன் குரல் என்று ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகக்கூடாது. அது முதல் பெஞ்சோடு நின்றுவிடும். வீட்டில் இருக்கிற குரலைக் கொண்டுபோக வேண்டும்.

விழா முடிந்த மறு வாரம் சாப்பாட்டுத் தூக்கோடு அப்பா டுட்டோரியலுக்கு வந்தார். எப்போதும் கீழே சைக்கிளோடு நிற்பவர், அன்று படியேறி வந்து கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார். கீழே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“கேக்குதாப்பா?” என்றேன்.

“கேக்குது, நடத்து!” என்றார். ஜன்னலுக்குக் கீழே கண்டக்டர் அண்ணாந்து பார்த்தார்.