களமசேரியில் எங்களுக்கு ஒரு வீடு

நான் வளர்ந்தது மட்டாஞ்சேரி பஜாரில், ஒரு மிளகுக் கிடங்கின் வராந்தாவில். மழை சாய்ந்து அடித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு எதிர்க் கிடங்குக்கு ஓடுவோம். பிழைப்புத் தேடித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. அதுவும் தினம் கிடைக்காது. ஆள் பிடிக்கும் மூப்பன் காலையில் சாப்பா என்னும் பித்தளை வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசி எறிவான். அடித்துப் பிடித்து ஒன்றைக் கைப்பற்றியவனுக்கே அன்றைக்கு வேலை. சாப்பா இல்லாமல் உள்ளே கால் வைத்தால் முதுகுத் தோல் உரிந்துவிடும்.

தெருவில் கிடக்கும் குடும்பங்களுக்கு வீடும் வேலையும் சேர்த்துக் கொடுக்கவென்று சில பெரிய மனிதர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அவர்கள் புண்ணியத்தில் எங்களுக்குக் களமசேரியில் ஓட்டு வீடு கிடைத்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் அப்பாவுக்கு நிரந்தர வேலை. வேலையில் இருக்கும்வரை வீடு எங்களுடையது என்றார்கள். முதல் நாள் அம்மா கதவை உள்ளிருந்து தாழிட்டாள், திறந்தாள், மறுபடியும் தாழிட்டாள். இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அப்பா கேலி செய்தார்.

அப்பா தினமும் விடியும் முன்பே குளித்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போவார். சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடுவார். இன்று வேலை இல்லை என்பார். மட்டாஞ்சேரியில் கேட்டுப் பழகிய சேதிதானே. அம்மா கஞ்சியில் தண்ணீரைக் கூட்டினாள்.

இரண்டாவது வாரம் சங்கத்துக்காரர் வந்தார். அப்பா வேலையில் சேரவே இல்லையாம், வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம், வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். சோம்பேறிகளுக்கு எதைக் கொடுத்தாலும் தங்காது என்று மலையாளத்தில் முணுமுணுத்தார். எங்களுக்குப் புரியாதென்று நினைப்பு.

"நெதமும் வாசல்லதான் சாரே நின்னேன். ஆரும் சாப்பா எறியல்லையே" என்றார் அப்பா.

நிரந்தர வேலைக்காரன் நேரே உள்ளே நடந்து போகலாம் என்று அப்பாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. ஒரு நாள் மூட்டை தூக்கிப் பிழைத்திருந்தால் தோன்றியிருக்கும். பிறகு சங்கத்துக்காரர் தொழிற்சாலைக்குப் போய்க் கெஞ்சித்தான் பார்த்தார், ஆள் எடுத்தது எடுத்ததுதான் என்றுவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆத்திரம் ஆறவில்லை.

சாமான் கட்டும்போது அம்மா ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அப்பாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பஸ்ஸுக்கு நிற்கையில்தான் கேட்டாள்.

"அந்தக் கேட்டு பூட்டியா கெடந்துது?"

"இல்ல. தொறந்துதான் கெடந்துது" என்றார் அப்பா.