கைதட்டிய பிறகு வந்த திருத்தம்

ஆவடியில் ஒரு நூலகத்தில், ஞாயிறு காலை, தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளின் வரலாற்றைப் பேசினேன். ஆண்டுகளைப் பிசகாமல் சொன்னேன். அந்த உற்சாகத்தில், "இவையெல்லாம் சுடும்போது பின்னால் உதைக்கும் விசையால்தான் இயங்குகின்றன" என்றும் அடித்துச் சொன்னேன். என் மகள் கைப்பேசியில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் ஓர் ஆட்டோக்காரர் பலமாகக் கைதட்டினார்.

மகள் ஸ்கூட்டரில் கிளம்பிவிட, நான் அவர் ஆட்டோவில் கொரட்டூருக்கு ஏறினேன்.

"பட்டாளத்துல துப்பாக்கி ரிப்பேர் பாத்தவன் சார் நானு. நாங்க வெச்சிருந்தது உதைல ஓடாது, காத்துல ஓடும்" என்றார். வண்டியை ஓரங்கட்டி, காற்றடிக்கும் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, கைப்பிடியை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். அது துள்ளி எழும்பியது.

"குண்டு குழாய்ல போறப்போ, பின்னாடி வர்ற சூடான காத்து கொஞ்சம் சின்ன ஓட்டைல பூந்து, இதுமாரி ஒரு தண்டைப் பின்னால தள்ளும். காலித் தோட்டா வெளிய தெறிக்கும். ஸ்பிரிங்கு திரும்பி வர்றப்போ அடுத்தத உள்ள தள்ளிடும். அவ்ளோதான்!"

"அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"பொண்ணு படம் புடிச்சிகினு இருந்துச்சே! அப்பன் மூஞ்சி தொங்கறத அதுல ஏத்தணுமா நைனா?"

மறு ஞாயிறு அதே இடத்தில் என் பிழையை நானே சொல்லி, அவரைப் பேச வைத்தேன். அன்று மகள் எடுத்த படத்தில், பம்பைப் பிடித்தபடி நான் சிரிக்கிறேன்.

இப்போதெல்லாம் யாரையாவது திருத்த வாய் திறக்கும்முன், அவரோடு யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறேன்.