அவளுடைய ஒரே பட்டன்

நம்பினால் நம்புங்கள். இது கதையல்ல, எனக்கே நடந்தது.

நான் அவருக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி இறந்து இரண்டு வருடம். டிவிக்கு ஒன்று, செட்-டாப் பெட்டிக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என்று நாலு ரிமோட்டோடு குடித்தனம் நடத்தினேன். நான் தடுமாறும்போதெல்லாம் அவர் ஒன்று சொல்வார்.

"அவ இருந்தா ஒரே பட்டன்ல முடிச்சிடுவா."

வயிறு எரியும். செத்தவள் மேல் பொறாமையா என்று சிரிக்காதீர்கள். உயிரோடு இருப்பவளிடமாவது சண்டை போடலாம்.

எல்லாவற்றையும் இயக்கும் புது ரிமோட் ஒன்று வாங்கினேன். பழையதை அதன் முகத்துக்கு நேராக வைத்து அழுத்தினால், புதியது கற்றுக்கொள்ளும். சோபா இடுக்கில் கைவிட்டு பழைய ரிமோட்டில் ஒன்றைத் தேடியபோது ஒரு கறுப்பு ரிமோட் கிடைத்தது. ஒரு பட்டனில் மட்டும் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி.

அவளுடையது! அழுத்தினேன். எல்லாம் ஒன்றாக உயிர்பெற்றன. அவள் பொருளை நான் ஏன் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்? அந்த ஒரு பட்டனைப் புதியதற்குக் கற்றுக்கொடுத்தேன். பச்சை விளக்கு மினுங்கியது. அவளுடையதைக் குப்பைக் கூடையில் வீசினேன். தீர்ந்தது சக்களத்தி வழக்கு!

மாலை ஏழு மணி. அவர் வந்து உட்கார்ந்தார். பெருமையாக அழுத்திவிட்டு, ரிமோட்டை ஸ்டூல்மேல் வைத்தேன்.

படம் வந்தது. சத்தம் தானாகக் குறைந்தது... பதினைந்து... பதின்மூன்று... பன்னிரண்டில் நின்றது. விளக்கு பாதியாக மங்கியது.

அவர் முகம் வெளுத்தது. "அவளுக்கு இவ்ளோதான் சவுண்ட் வேணும்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

அவர் தோளில் சாய்ந்தேன்.

டிக்.

எல்லாம் அணைந்தன.

விலகினேன். எல்லாம் உயிர்பெற்றன.

மறுபடி சாய்ந்தேன்.

டிக்.

ரிமோட் ஸ்டூல்மேல்தான் இருந்தது...

இருட்டில், அவருக்கு அந்தப் பக்கம், சோபா மெத்தை கிரீச்சென்று அமுங்கியது. யாரோ உட்கார்ந்ததுபோல.

விலகினேன். வெளிச்சம் வந்தது. அங்கே யாருமில்லை. பள்ளம் மட்டும்.

"எதுலேர்ந்து கத்துக்கொடுத்த?" என்றார்.

"அவங்க பழைய ரிமோட்..."

"சிவப்புப் புள்ளி வெச்சதா?"

தலையாட்டினேன். கூடையைக் காட்டினேன். கூடை காலி.

"யாருக்கும் குடுக்காதீங்கன்னு கேட்டா. அத அவ கையில வெச்சுதான் புதைச்சோம்."

சொல்லிவிட்டு அவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

என் பக்கம் அல்ல.