காளான் முளைக்கும் இடம்

கிசாபுரோ வாழ்நாள் முழுக்க மாடு கறந்து பால் ஊற்றியவர். பொய் பேச வராது. விலையுயர்ந்த மட்சுதாகே காளான் எங்கே முளைக்கிறது என்று கேட்டால் மட்டும் வாய் தானாகவே வேறு மலையைச் சொல்லிவிடும். அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான்.

மனைவி யாயே இருந்தவரை, இலையுதிர் காலம் வந்தால் வாசலிலேயே நிற்பாள். அவர் கால்சட்டையில் ஒட்டிய பைன் சருகைத் தட்டிவிட்டுக் கூடையை மோந்து பார்ப்பாள். "இந்த ஊரு ஆம்பளைங்க கள்ளக் காதலியக்கூடக் காட்டுவாங்க, காளான் இடத்தக் காட்ட மாட்டாங்க!" என்பாள். அன்று வீடெல்லாம் காளான் சோறு மணக்கும்.

பிறகு கடலோரத்து அணு உலை வெடித்தது. ஊரே காலியானது. யாயே வெளியூர்க் குடியிருப்பிலேயே கண்ணை மூடினாள். பல ஆண்டுகள் கழித்து அவர் திரும்பியபோது வயல்களின் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். காட்டை யார் சுரண்டுவது? ஆண்டுதோறும் காளானைச் சமூகக் கூடத்துக்கு எடுத்துப்போவார். அங்கே ஷினோபு அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, கதிர்வீச்சு அளக்கும் கருவிக்குள் வைப்பாள். ஆண்டுதோறும் வரம்பு தாண்டும்.

இந்த ஆண்டு தாண்டவில்லை.

"அண்ணே, சுத்தம்!" ஷினோபு கத்தியேவிட்டாள். "எந்த மலைல எடுத்தீங்க?"

"கோயில் மலை," என்றார், பழக்கதோஷத்தில். அவள் சுவர் வரைபடத்தில் கோயில் மலைமேல் பச்சைக் குண்டூசியைக் குத்தினாள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுத் தொமேசோ கூடையோடு போனார்.

"வீட்டுக்காரி குமே இன்னிக்கி ஆஸ்பத்திரிலேருந்து வர்றாப்பா. காளான் சோறுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. கோயில் மலைக்குப் போறேன்."

"அளந்து பாத்துட்டுக் குடு."

"நறுக்கிப் போட்டா அப்புறம் எதச் சமைக்கிறது? அதான் நீ அளந்துட்டியே!"

தொமேசோ திருப்பம் வரை போய்விட்டார். உண்மையைச் சொன்னால் அப்பா காலத்திலிருந்து காத்த இடம் போய்விடும். சொல்லாவிட்டால், எவ்வளவு விஷம் என்றே தெரியாத காளான் நோயாளியின் கிண்ணத்தில் விழும். கிசாபுரோ செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

"டேய்! அங்க இல்லடா. நான் சொன்னது பொய்."

"பின்ன எங்க?"

கிசாபுரோ முன்னால் நடந்தார். ஓடையைத் தாண்டி, செம்பைன் சரிவில் ஏறி, ஒரு பாறையருகே நின்றார். தொமேசோ சுற்றிலும் பார்த்தார். முகம் சிவந்தது.

"அடப்பாவி! வருஷா வருஷம் எனக்கு முன்னாடி வந்து பெருசெல்லாம் புடுங்கிட்டுப் போன திருடன் நீதானா?"

"அப்ப மிச்சத்த வழிச்சது நீயா? நான் காட்டுப்பன்னினுல்ல நெனச்சேன்!"

இருவரும் பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கச் சிரித்தார்கள். காலடிச் சருகிலிருந்து அந்தப் பழைய மணம் எழுந்தது.

"ஷினோபுகிட்டச் சொல்லி குண்டூசிய மாத்தணும்," என்றார் தொமேசோ. "எங்கன்னு சொல்லுவே?"

கிசாபுரோவின் வாயில் வேறொரு மலையின் பெயர் வந்து நின்றது. அதை விழுங்கினார்.

"இங்கதான்னு சொல்றேன்."

இவ்வளவு எளிதான சொல். யாயேயிடம் ஒருமுறை சொல்லியிருக்கலாம்.