குமிழ் இல்லாத ஷீட்டுகள்

மலாயாவில், கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பவுனம்மாள் பதினெட்டு வருஷமாக ஷீட்டுப் பொறுக்கி வந்தாள். புகைபோட்டு வந்த ரப்பர் ஷீட்டைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். உள்ளே கடுகளவு குமிழ் தெரிந்தாலும் தனியே எடுத்துப் போடுவாள். சேலம் பக்கத்திலிருந்து புல் வெட்ட வந்தவள். வடிகாலில் விழுந்து முழங்கால் மடங்காமல் போனபின் இந்த மேசைக்கு மாறினாள். நாளெல்லாம் நிற்பாள், குந்த மட்டும் முடியாது.

நான் பி.எஸ்ஸி. எங்கள் கிராமத்தின் முதல் பட்டதாரி. இதைக் கேட்காமல் என்னிடமிருந்து தப்பியவர் யாருமில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் அறைக்கதவுப் பலகையில் பெயரைவிடப் பட்டம்தான் பெரிது. 1934இல் அங்கே ஒரு தொழில்நுட்பப் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. தோட்டங்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்று பிரின்சிபால் முடிவு செய்ய, குமிழை ஒழிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ரப்பர் பாலை உறைய வைக்கும் அமிலத்தின் அளவை மாற்றினால் குமிழே வராது என்று நான் கண்டுபிடித்திருந்தேன், பிரிக்பீல்ட்ஸில் இருந்தபடியே.

வருவதாகத் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணிக்கு முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டு, ஆறு சனிக்கிழமை கோட்டு மாட்டி ரயிலேறினேன். என் அளவுப்படி உறைய வைத்த ஷீட்டுகள் எனக்காக அடுக்கியிருக்கும். ஆறு வாரமும் ஒரு குமிழ்கூட இல்லை. என் அறிவைக் கண்டு எனக்கே கொஞ்சம் பயம் வந்தது. அறிக்கையின் முடிவில், இனி ஷீட்டுப் பொறுக்க ஆளே வேண்டாம் என்றும் எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கும் அந்த வரிதான் பிடித்தது. பாராட்டு வாங்க ஏழாவது முறை போனபோது, திங்கட்கிழமை முதல் புல் வெட்டப் போகும்படி பவுனம்மாளுக்குக் காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பெயர் கூப்பிட்டாயிற்று என்று தெரிந்தது. அவள் என்னைப் புகைவீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனாள். என் தோள் உயரத்துக்குக் குமிழ் ஷீட்டுகள் குவிந்து கிடந்தன.

"நல்லதாப் பாத்து உங்களுக்கு அடுக்கினது நான்தான் தம்பி. பெரிய ஆளுங்க வந்தா இங்க அப்படித்தான் வெப்போம்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நம்ம படிச்ச புள்ள. வெள்ளக்காரன் முன்னால தல குனியக் கூடாதுன்னு நெனச்சேன். குந்தித்தான் புல்லு வெட்டணும், என்னால குந்த முடியாதே, அத மட்டும் தொரைகிட்ட சொல்லுங்க."

அவள் முழங்காலைப் பற்றி மட்டும் சொன்னால் துரை ஒருவேளை இரங்கியிருப்பார், அறிக்கையும் பிழைத்திருக்கும். அப்படியே செய்யலாமென்று நானும் கொஞ்ச நேரம் நினைத்தேன். பிறகு கை கொள்ளும் அளவு குமிழ் ஷீட்டை அள்ளிக்கொண்டு பங்களாவுக்கு நடந்தேன். கோட்டில் புகைநாற்றம் ஏறிக்கொண்டது. துரை ஷீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். முதல் முறையாக மெதுவான குரலில் பதில் சொன்னேன்.

அறிக்கை திரும்பி வந்தது. பிரின்சிபால் என்னை மூன்று மாதம் சீசா கழுவ வைத்தார். பவுனம்மாள் திங்கட்கிழமை மேசைக்கே போனாள். மறுபடி ஆராய்ச்சி தொடங்கியபோது முதல் ஷீட்டை அவளே வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். பதினொரு குமிழ்.

"இதையும் எழுதுவீங்களா தம்பி?"

எழுதினேன்.