கேதம் சொன்னவளுக்கு எத்தனை மதிப்பெண்?

இந்த ஊரில் யாரையும் சும்மா தெரிந்து வைத்திருக்கக் கூடாது போலிருக்கிறது. ரோட்டர்டாமில் எனக்கு வேலை தேட உதவும் ஆலோசகர் லீஸ்பெத், என் போனில் இருந்த ஆட்களையும் அவர்களுக்குத் தெரிந்தவர்களையும் ஒரு மென்பொருளில் ஏற்றி வலைப்படமாக விரித்துக் காட்டினார். ஆளுக்கு ஒரு புள்ளி, பழக்கத்துக்கு ஒரு கோடு. ஒவ்வொருவரும் எனக்கு எவ்வளவு ஹண்டிக், அதாவது எவ்வளவு பயன்படுவார் என்று ஐந்துக்கு மதிப்பெண் போட வேண்டும். சாயல்குடியில் ஒருத்தரைப் பார்த்து இப்படிக் கேட்டால் செருப்பு பிஞ்சிரும். ஆனால் விசா முடிய எட்டு வாரம்தான் இருந்தது. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் நானும் என் வீட்டுக்காரர் அருளும் மூட்டை கட்ட வேண்டியதுதான். போட்டேன்.

படத்தின் நடுவில் பெரிதாக ஒரு புள்ளி. "உங்களுக்கும் இவருக்கும் கோடே இல்லை. ஆனால் உங்கள் ஆட்களில் பதினோரு பேருக்கு இவரைத் தெரியும். இந்தத் துறைமுகத்தில் கிளை வைத்திருக்கிற கப்பல் கம்பெனியில் மேலாளர். யார் இவர்?" என்று கேட்டார் லீஸ்பெத்.

"என் அண்ணன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணனா! அப்படியானால் ஒரு மெசேஜ் போதுமே."

எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? தங்கச்சிமடத்தில் மீன்பிடிக்கிற வீட்டுப் பையன் அருளைக் கட்டிக்கொண்ட அன்றே அண்ணன் என்னைத் தலைமுழுகிவிட்டான். எங்கள் பக்கம் சாவு விழுந்தால் சொந்தபந்தம் அத்தனைக்கும் கேதம் சொல்லி விடுவார்கள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிக்குக்கூட ஆள் போகும். அதிலும் விடுபட்டால் நீங்கள் யாருமே இல்லை என்று அர்த்தம். போன வருஷம் என்னைப் பெத்த அய்யா செத்தபோது அண்ணன் எனக்குச் சொல்லவில்லை. மற்றவர்களும் சொல்லக் கூடாதென்று கட்டளை வேறு. அந்தப் பதினோரு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

சொன்னது மும்தாஜ். என்னோடு பள்ளியில் படித்தவள், சாயல்குடியில் தையல் கடை வைத்திருக்கிறாள். "ஏடி, உங்கய்யா மவுத்தாயிட்டாக. இப்ப எடுக்கப் போறாக. இந்தா, பாத்துக்க" என்று தெருமுனையில் நின்று வீடியோ காலில் காட்டினாள். அண்ணன் வந்து அவளைத் திட்டுவதும் கேட்டது. "மகளுக்கு மொகத்தக் காட்டுறேன், நீங்க போங்கண்ணே" என்றாள். கடைசிவரை போனை இறக்கவில்லை.

அந்த மும்தாஜ் படத்தில் ஓரத்தில் ஒரு கடுகு மாதிரி கிடந்தாள். "தையல்காரர். உங்கள் துறையிலேயே இல்லை. பூஜ்யம் போடலாமா?" என்றார் லீஸ்பெத். எனக்கு வந்ததே கோபம். ஐந்து போட்டேன். காரணம் கேட்ட கட்டத்தில், அப்பா இறந்ததை எனக்குச் சொன்னாள் என்று எழுதினேன்.

அவர் படித்துவிட்டு வருத்தம் சொன்னார். பிறகு தயங்கியபடி, "ஆனால் வேலைக்கு அது எப்படி உதவும்?" என்றார். நல்ல மனுஷிதான், அவரோடு எனக்கென்ன சண்டை. விசா போனால் போகட்டும். அய்யா முகத்தை எனக்கு மறைத்தவன் கையால் வருகிற சோறு என் தொண்டையில் இறங்காது. அண்ணன் புள்ளியை நீக்கினேன். வாய்மூடிய பதினோரு பேருக்கும் போன கோடுகளையும் ஒவ்வொன்றாக அழித்தேன்.

"உங்களிடம் இருந்ததிலேயே நல்ல ஆளை நீக்கிவிட்டீர்கள்" என்றார் லீஸ்பெத்.

படம் ஒருமுறை அசைந்து நின்றது. சாயல்குடி மொத்தமும் திரையின் ஒரு மூலைக்குப் போய்விட்டிருந்தது, நான் இன்னொரு மூலையில். நடுவில் ஒரே கோடு, மும்தாஜின் கோடு. நாளைக்கு இங்கே எனக்கு ஒன்றென்றால் ஊருக்குக் கேதம் அந்த வழியாகத்தான் போகும். யார் தடுத்தாலும் அவள் சொல்லிவிடுவாள்.